இரண்டு முறை பிறந்த ஆட்டம்

ஹெக்ஸ் ஆட்டத்தின் விதிகளைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அறுகோணக் கட்டங்கள் நிறைந்த சாய்சதுரப் பலகை. பக்கத்துக்குப் பதினொன்று வீதம் மொத்தம் 121 கட்டங்கள். எதிரெதிரான இரண்டு விளிம்புகள் சிவப்புக்காரருக்கு, மற்ற இரண்டும் நீலக்காரருக்கு. மாறி மாறி ஆளுக்கொரு காய் வைக்க வேண்டும். காலியாக இருக்கும் எந்தக் கட்டத்திலும் வைக்கலாம். வைத்த காய் நகராது, வெட்டுப்படாது. தன்னுடைய இரண்டு விளிம்புகளையும் தன் நிறக் காய்களால் விட்டுப்போகாமல் யார் முதலில் இணைக்கிறாரோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான்.

சதுரங்கத்தில் ராஜா இருக்கிறார், ஆடுபுலியில் புலி இருக்கிறது. ஹெக்ஸில் யாருமே இல்லை. போரின் சாயலும் கிடையாது, வேட்டையின் சாயலும் கிடையாது. பழைய பலகை ஆட்டங்கள் பெரும்பாலானவற்றுக்குப் பிறந்த தேதி தெரியாது. திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தலைமுறை தலைமுறையாக ஆடி ஆடி விதிகள் ஒரு வடிவத்துக்கு வந்திருக்கும். ஹெக்ஸுக்குத் தேதி உண்டு. சொல்லப்போனால் இரண்டு தேதிகள், இரண்டு ஊர்கள், இரண்டு தகப்பன்மார்.

முதல் ஊர் கோபன்ஹேகன். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. அதே மாதம் ‘பொலிடிகன்’ நாளிதழில் ‘கும்பெல்’ என்ற புனைபெயரில் குட்டிக் குட்டிக் கவிதைகள் வரத் தொடங்கின. படித்தால் விளையாட்டாக இருக்கும். ஆக்கிரமிப்புக்குள் வாழ்ந்துகொண்டிருந்த டேனிஷ்காரருக்கு அதன் உள்ளர்த்தம் புரியும், தணிக்கை அதிகாரிக்குப் பிடிபடாது. எழுதியவர் பீட் ஹைன் (1905–1996). நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்தில் இயற்பியல் படித்தவர். ஓவியம், வடிவமைப்பு, கவிதை, கணிதம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். ஹைசன்பர்க் குவாண்டம் இயற்பியல் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அரங்கில் உட்கார்ந்தபடியே ‘சோமா’ என்ற கனசதுரப் புதிரை யோசித்து முடித்தவர் என்பார்கள். ஸ்டாக்ஹோம் நகரின் நடுவே உள்ள செர்கல் சதுக்கத்துக்கு வட்டமும் இல்லாத சதுரமும் இல்லாத அந்த வடிவத்தைத் தந்ததும் இவர்தான். இப்படிப்பட்ட ஆள் எந்தத் துறையிலும் முழுதாக உட்கார மாட்டார். ஹெக்ஸ் மாதிரி ஒன்று தோன்ற அந்த மாதிரி ஆள்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

1942இல் ஹைன் ஓர் ஆட்டத்தை உருவாக்க நினைத்தார். முதலில் பலகையை வரைந்துவிட்டு அப்புறம் விதியைத் தேடவில்லை. நல்ல ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முதலிலேயே நிபந்தனைகள் போட்டுக்கொண்டார். இருவருக்கும் நியாயமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நகர்வும் ஆட்டத்தை முன்னே தள்ள வேண்டும், வந்த வழியே திரும்பக் கூடாது. எப்போதாவது முடிந்தே ஆக வேண்டும். எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மறைத்த சீட்டோ உருட்டும் பகடையோ கூடாது. யோசிக்க இடம் இருக்க வேண்டும். கடைசியாக, வெற்றி தோல்வி திட்டவட்டமாகத் தெரிய வேண்டும். சமநிலை என்ற பேச்சே இருக்கக் கூடாது. மொத்தம் ஆறு. இந்தக் கடைசி நிபந்தனையில்தான் சிக்கலே. சதுரங்கத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் மோதினால் பாதிக்கு மேல் ‘டிரா’வில் முடிகிறது. சமநிலைக்கு வாய்ப்பே இல்லாத ஆட்டத்தை எப்படிச் செய்வது?

வழி காட்டியது நான்கு வண்ணக் கணக்கு. எந்த வரைபடத்தையும் பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே நிறமாக வராதபடி நான்கே வண்ணங்களில் தீட்டிவிட முடியுமா என்பது அன்று விடை தெரியாமல் கிடந்த பழைய கேள்வி. அதைப் பற்றி யோசித்தபோது, தளத்தில் வரையும் கோடுகளுக்கு உள்ள ஒரு கட்டாயத்தின் மீது ஹைனின் கவனம் நின்றது. நான்கு பக்கம் கொண்ட ஒரு பரப்பில் எதிரெதிர்ப் பக்கங்களை இணைத்து ஒரு கோடு இழுத்துவிட்டால், மற்ற இரு பக்கங்களை இணைக்கும் கோடு அதை வெட்டாமல் போக முடியாது. ஆகவே இருவரும் ஒரே சமயத்தில் ஜெயிக்க முடியாது. அடுத்தது, இருவரும் தோற்கவும் கூடாது. சதுரக் கட்டங்களில் இது நடக்காது. அங்கே ஒரு மூலையில் நான்கு கட்டங்கள் கூடுகின்றன. குறுக்காகச் சிவப்பு இரண்டு, குறுக்காக நீலம் இரண்டு என்று வந்துவிட்டால் இருவருமே அடைபட்டு நிற்பார்கள். அறுகோணத்தில் எந்த முனையிலும் மூன்றே கட்டங்கள்தான் கூடும். மூன்று கட்டம், இரண்டு நிறம். ஏதாவது ஒரு நிறம் இரட்டையாக வந்தே தீரும், அடைப்பு விழாது. தேனடை மாதிரி அழகாக இருக்கிறது என்பதற்காக அறுகோணம் போடவில்லை. ஆட்டம் முழுக்க அந்த ‘மூன்று’ என்ற எண்ணின் மேல்தான் நிற்கிறது.

நம்பாதவர்கள் மனதுக்குள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். பலகை முழுக்கக் காய்களால் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு விளிம்பும் நீல விளிம்பும் சந்திக்கும் ஒரு மூலையில் தொடங்கி, கட்டங்களின் எல்லைக் கோடுகள் வழியே நடக்க வேண்டும். இடது கைப்பக்கம் எப்போதும் சிவப்பு, வலது கைப்பக்கம் எப்போதும் நீலம். ஒவ்வொரு முனையிலும் எதிரே மூன்றாவது கட்டம் ஒன்று வரும். அது சிவப்பானால் வலப்புறம் திரும்புகிறோம், நீலமானால் இடப்புறம். வேறு வழி இல்லை, முட்டுச்சந்தும் இல்லை, வந்த முனைக்கே மறுபடி வரவும் முடியாது. கடைசியில் வேறொரு மூலை வழியே வெளியேறித்தான் ஆக வேண்டும். எந்த மூலை என்பதைப் பொறுத்து, இடது கையைத் தொட்டுக்கொண்டே வந்த சிவப்போ வலது கையைத் தொட்டுக்கொண்டே வந்த நீலமோ கரைக்குக் கரை சேர்ந்திருக்கும்.

ஹைன் ஆட்டத்துக்குப் ‘பாலிகன்’ என்று பெயர் வைத்தார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித மாணவர்களின் ‘பேரென்டேசன்’ சங்கத்தில் அதை விளக்கினார். பிறகு 1942 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பொலிடிகன் இதழில் பாலிகன் கற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்கும் தலைப்புடன் கட்டுரை வந்தது. அதைத் தொடர்ந்து பல மாதங்கள் பத்திரிகையில் பாலிகன் புதிர்கள் வந்தன. பலகை விற்கவில்லை, காகிதக் கட்டு விற்றார்கள். ஒவ்வொரு தாளிலும் அச்சடித்த சாய்சதுரம். இருவரும் பென்சிலால் குறி போட்டு ஆடிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட வேண்டியதுதான். விளக்கணைப்பு உத்தரவு நடப்பில் இருந்த போர்க்கால இரவுகளில் வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்கு மலிவான பொழுதுபோக்கு. போர் முடிந்தது, பாலிகன் மோகமும் தணிந்தது.

இரண்டாவது ஊர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன். 1948இல் அங்கே கணித ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார் இருபது வயது ஜான் நாஷ். ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படம் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. படத்தில் அவர் புல்வெளியில் உட்கார்ந்து ‘கோ’ ஆடித் தோற்று எரிச்சலோடு எழுந்து போவார். பிரின்ஸ்டன் கணிதத் துறையின் ஃபைன் ஹால் கட்டடத்தில் மாலைத் தேநீருக்குக் கூடும் பொது அறையில் உண்மையாகவே கோ, சதுரங்கம் எல்லாம் ஓயாமல் நடக்கும். நாஷின் மண்டையில் ஓடிய கேள்வி ஹைனுடையது அல்ல. ஆட்டக் கோட்பாடு அப்போது புதுத் துறை. முதல் ஆட்டக்காரர் ஜெயித்தே தீருவார் என்று நிரூபிக்க முடியும், ஆனால் எப்படி ஜெயிப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியொரு ஆட்டம் உண்டா? உண்டு என்று கண்டுபிடித்தார். 1949 வாக்கில் அதைச் சக மாணவர் டேவிட் கேலிடம் சொன்னார்.

நாஷின் சொந்த வடிவத்தில் அறுகோணமே இல்லை. சாதாரணச் சதுரக் கட்டப் பலகை. பக்கவாட்டில் நான்கு அண்டைக் கட்டங்கள். கூடவே ஒரே திசைக் குறுக்கில் இரண்டு. ஆறு அண்டைக் கட்டங்கள் என்றால் கணக்குக்கு அறுகோணமேதான். கேல் அந்த ஆட்டத்துக்குப் பலகை ஒன்றைத் தன் கையால் செய்து ஃபைன் ஹாலில் கொண்டுபோய் வைத்தார். பலகை வந்ததும் ஆட்டம் பற்றிக்கொண்டது. மாணவர்கள் அதை ‘நாஷ்’ என்றார்கள், சிலர் ‘ஜான்’ என்றார்கள். ஜான் என்பதற்கு அமெரிக்கப் பேச்சுவழக்கில் கழிவறை என்றும் பொருள் உண்டு. குளியலறைத் தரையின் அறுகோண ஓடுகளில் ஆடியதால்தான் அந்தப் பெயர் என்று ஒரு கதை இன்றுவரை சுற்றுகிறது. கதை ருசியாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு நான் பெரிய மதிப்புத் தர மாட்டேன். பலகைக்குப் பக்கத்துக்குப் பதினான்கு கட்டம் இருந்தால் நல்லது என்பது நாஷின் கட்சி.

முதல்வர் ஜெயிப்பார் என்பதற்கு நாஷ் தந்த நிரூபணம் ஒரு சின்னத் திருட்டு. இரண்டாமவரிடம் தோற்கவே தோற்காத உத்தி ஒன்று இருக்கிறது என்று வாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல்வர் ஏதாவது ஓரிடத்தில் ஒரு காயைப் போட்டுவிட்டு, அதை மறந்துவிட்டு, தானே இரண்டாமவர் என்று பாவித்து அந்த உத்தியைத் திருடி ஆடுகிறார். முன்பே போட்ட காய் அவருக்கு இடைஞ்சலா? இந்த ஆட்டத்தில் தன் காய் கூடுதலாக இருப்பது யாருக்கும் கெடுதல் செய்வதே இல்லை. உத்தி அதே கட்டத்தில் வைக்கச் சொன்னால், ஏற்கெனவே வைத்தாயிற்று. வேறெங்காவது ஒன்றைப் போட்டால் போகிறது. அப்படியானால் முதல்வரும் ஜெயிக்கிறார், இரண்டாமவரும் ஜெயிக்கிறார். நடக்காத காரியம். ஆகவே இரண்டாமவரிடம் அப்படி ஒரு உத்தி இல்லை. சமநிலையும் கிடையாது. எனவே முதல்வரிடம்தான் அது இருந்தாக வேண்டும். அது என்ன உத்தி? நிரூபணம் அதைப் பற்றி ஒரு எழுத்துகூடச் சொல்லாது. புதையல் இருப்பது உறுதி, இடம் மட்டும் தெரியாது.

நாஷ் கோபன்ஹேகன் ஆட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பாரோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. பிரின்ஸ்டனுக்கும் கோபன்ஹேகனுக்கும் இடையே இயற்பியலாளர்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் எனக்கு இருவர் தொடங்கிய இடமே போதுமான சாட்சி. ஹைன் சமநிலையில்லாத நல்ல ஆட்டம் ஒன்றைத் தேடி அறுகோணத்துக்கு வந்தார். நாஷ் ஒரு தேற்றத்துக்கு உதாரணம் தேடிச் சதுரக் கட்டத்தில் கோணலாகக் கோடு போட்டார். ஹைனின் தாளைப் பார்த்திருந்தால் நாஷ் சதுரத்தோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டார்.

1952இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம், மோனோபொலி விற்றவர்கள், இந்த ஆட்டத்தை ‘ஹெக்ஸ்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயரே நிலைத்தது. ஆனால் உலகத்துக்கு ஹெக்ஸைச் சொன்னது கடைப் பெட்டி அல்ல, மார்ட்டின் கார்ட்னர். ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் கணித விளையாட்டுப் பத்தியை அவர் தொடங்கிய ஆண்டிலேயே, 1957 ஜூலையில், ஹெக்ஸைப் பற்றி எழுதினார். ஹைன், நாஷ் இருவருக்கும் உரிய இடத்தைக் கொடுத்தார். அதன் பிறகு கல்லூரி கல்லூரியாக ஆட்டம் பரவியது.

அந்தக் கட்டுரையில் வரும் ஒரு குறும்பைச் சொல்லாமல் விட மனமில்லை. தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் 1950களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹெக்ஸ் ஆடும் இயந்திரங்கள் செய்தார். உடன் இருந்தவர் மூர் என்ற சக ஆய்வாளர். ஒன்று உண்மையான மூளைக்காரன். பலகையை மின்னழுத்தப் பரப்பாக மாற்றி, ஒருவர் காய்க்கு நேர் மின், மற்றவர் காய்க்கு எதிர் மின் என்று கொடுத்து, நடுவே எந்தப் புள்ளி முக்கியமானது என்று அளந்து அங்கே காய் வைக்கும். ஏன் அங்கே வைத்தது என்று செய்தவர்களே குழம்பி, பிறகு யோசித்துப் பார்த்துச் சரிதான் என்று ஒப்புக்கொண்ட நகர்வுகள் உண்டு. இன்னொன்று சுத்த ஏமாற்றுக்காரன். அதன் பலகை ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் எட்டு. வித்தியாசம் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பலகையில் குறைந்த தூரத்தைக் கடக்க வேண்டியவருக்கு, இரண்டாவதாக ஆடினாலும், மூளையே தேவையில்லை. எதிராளி வைத்த கட்டத்துக்கு ஜோடியான கட்டத்தில் வைத்துக்கொண்டே போனால் வெற்றி நிச்சயம். மனிதனை முதலில் ஆடச் சொல்லிப் பெருந்தன்மை காட்டும் இந்த இயந்திரம், தன் பதிலை உடனே சொல்லிவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், வெப்பத்தில் மெதுவாக இயங்கும் ஒரு பாகத்தை உள்ளே வைத்து அதைச் சில விநாடிகள் தாமதிக்க வைத்தார்கள். இயந்திரம் தீவிரமாக யோசிக்கிறது என்று எதிரே இருப்பவர் நம்பிக்கொண்டிருப்பார்.

ஷானனையும் கேலையும் சேர்த்து இன்னொரு செய்தி. ஹெக்ஸின் தம்பி என்று சொல்லத்தக்க ஓர் ஆட்டத்தைக் கேல் உருவாக்கினார். பின்னாளில் ‘பிரிட்ஜ்-இட்’ என்று கடைக்கு வந்தது. அதே ஆட்டத்தை ஷானன் ‘பறவைக் கூண்டு’ என்ற பெயரில் தனியாக முன்பே யோசித்து அதை ஆடும் இயந்திரமும் செய்து வைத்திருந்தார். ஆக, இரட்டைப் பிறப்பு ஹெக்ஸோடு நிற்கவில்லை. பிரிட்ஜ்-இட்டுக்கு மட்டும் ஆயுள் கெட்டியில்லை. ஆலிவர் கிராஸ் என்ற கணிதர் முதல்வர் ஜெயிப்பதற்கான எளிய ஜோடி உத்தியைக் கண்டுபிடித்துவிட்டார். உத்தி தெரிந்த பிறகு அதில் ஆட என்ன இருக்கிறது?

ஹெக்ஸ் அப்படிப் பிடிகொடுக்கவில்லை. 1981இல் ஜெர்மானியர் ஸ்டெஃபான் ரைஷ், பலகை பெரிதாகப் பெரிதாக யார் ஜெயிப்பார் என்று கணிப்பது கணினிக்கே மிகக் கடினமான கணக்குகளின் வகையில் விழுகிறது என்று நிறுவினார். கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரயன் ஹேவர்டும் குழுவினரும் பல ஆண்டுகள் கணினிகளை ஓட்டி, 8×8 பலகையில் ஒவ்வொரு தொடக்க நகர்வுக்கும் முடிவு என்ன என்பதை 2009இல் கண்டார்கள். 9×9 பலகை 2013இல் வசப்பட்டது. ஒரே ஒரு வரிசை கூடுவதற்கு நான்கு ஆண்டுகள். ஹைனின் 11×11 பலகை அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை.

நடுவே 1979இல் கேல் மறுபடி வந்தார். ஃபைன் ஹாலுக்குப் பலகை செய்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘அமெரிக்கன் மேத்தமேட்டிகல் மன்த்லி’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, ஹெக்ஸில் சமநிலை இல்லை என்ற செய்தியும் பிரவரின் நிலைப்புள்ளித் தேற்றமும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறத்தக்கவை என்று காட்டியது. பிரவர் தேற்றம் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்த பெரிய சரக்கு. மதுரையின் வரைபடத்தைச் சுருட்டிக் கசக்கி மதுரைக்குள்ளேயே எங்காவது தரையில் போட்டாலும், வரைபடத்தின் ஏதோ ஒரு புள்ளி தான் குறிக்கும் இடத்துக்கு நேர் மேலே இருந்தே தீரும் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். இனி நாஷுக்குத் திரும்புவோம். அவருக்கு 1994இல் நோபல் வாங்கித் தந்த ‘ஈக்விலிப்ரியம்’ (யாரும் தான் மட்டும் உத்தியை மாற்றி லாபம் பார்க்க முடியாத நிலை) என்ற கருத்து, ஆட்டக்காரர்களும் அவர்களின் தேர்வுகளும் எண்ணிக்கைக்குள் அடங்கும் எல்லா ஆட்டங்களிலும் அப்படி ஒரு நிலை இருக்கும் என்ற முடிவு, 1951 கட்டுரையில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? இதே பிரவர் தேற்றத்தை. தேநீர் நேரத்து விளையாட்டு ஒருபுறம், வாழ்நாள் சாதனை மறுபுறம் என்று தனித்தனியாக இருந்தவற்றுக்கு அடியில் ஒரே வேர் ஓடியதை நண்பர் தோண்டிக் காட்டினார். ஹெக்ஸின் பிறந்த கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். என்னைக் கேட்டால் ஆட்டம் ஹைனுடையது, தேற்றம் நாஷுடையது, அதை உயிரோடு வைத்திருந்தவர் கேல்.

முதல்வருக்கே வெற்றி என்றால் ஆடுவதில் என்ன நியாயம் என்று கேட்கலாம். அதற்கு ஆட்டக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல்வர் ஒரு காய் வைத்ததும், இரண்டாமவர் விரும்பினால் இடம் மாற்றிக்கொண்டு அந்தக் காயைத் தனதாக்கிக்கொள்ளலாம். நடுமையத்தில் வைத்தால் பறிபோகும். உதவாத மூலையில் வைத்தால் தன் தலையிலேயே விழும். ஆகவே முதல்வர் ரொம்ப நல்லதும் இல்லாத, ரொம்ப மோசமும் இல்லாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. நியாயம் வேண்டும் என்ற ஹைனின் முதல் நிபந்தனை இப்படித்தான் நிறைவேறுகிறது.

பலகை தேடிக் கடைக்கு அலைய வேண்டாம். பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பதினொன்றுக்குப் பதினொன்று சதுரம் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். மேல் கீழ் விளிம்புகள் ஒருவருக்கு, இட வல விளிம்புகள் மற்றவருக்கு. பக்கம் ஒட்டிய கட்டங்கள் நான்கும், வலது மேல் மூலையிலும் இடது கீழ் மூலையிலும் தொடும் கட்டங்கள் இரண்டும் அண்டைக் கட்டங்கள். மற்ற இரு மூலைகளுக்குத் தொடர்பு இல்லை. இது நாஷின் ஹெக்ஸேதான். இரண்டு நிறப் பேனா எடுத்து வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்து ஆடிப் பாருங்கள். ஒரே ஒரு குறிப்பு: இரண்டு காய்களை ஒட்டி ஒட்டி வைக்காமல், இடையே இரண்டு காலிக் கட்டங்கள் பொதுவாக இருக்கும்படி தள்ளி வையுங்கள். எதிராளி ஒன்றை அடைத்தால் மற்றதில் நீங்கள் இணைத்துவிடலாம்.